இருபத்தெட்டா, ஒன்றா

அந்தப் படகு வேறு எந்தத் தேதியில் கவிழ்ந்திருந்தாலும் அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் இந்த வில்லங்கம் வந்திருக்காது. பார்த்துப் பார்த்துப் பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி கவிழ்ந்தது.

குளிர்காலம் கிளம்பலாமா, இன்னும் கொஞ்சம் இருக்கலாமா என்று வாசலில் நின்று யோசிக்கிற சமயம் அது. வெயில் வரும், ஆனால் உறைக்காது. காலையில் ஆற்றின் மேல் மூடுபனி படுத்துக்கிடக்கும். அப்படி ஒரு காலையில், இரண்டு கரைக்காரர்களும் கலந்து ஏறியிருந்த படகு, நடு ஆற்றில் மிதந்து வந்த பெரிய மரத்தில் மோதிச் சாய்ந்துவிட்டது. கரை சேர்ந்தவர்கள் சிலர். சேராதவர்கள் பலர். படகின் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்த இவர்களுடைய அப்பா சேராதவர்களில் ஒருவர்.

பிறகு பாலம் வந்தது. பாலத்தோடு நினைவு நாளும் வந்தது. லீப் வருடத்தில் ஒரு தொல்லையும் இல்லை. இரண்டு கரையும் பாலத்தின் நடுவில் கூடி நிற்கும். மற்ற வருடங்களில் இல்லாத தேதிக்கு எங்கே போவது? பிப்ரவரியில் போனவர்களைப் பிப்ரவரியில்தான் நினைக்க வேண்டும் என்று அக்கரை இருபத்தெட்டாம் தேதியைப் பிடித்துக்கொண்டது. இருபத்தெட்டுக்கு மறுநாள் போனவர்களை இருபத்தெட்டுக்கு மறுநாள்தான் நினைக்க வேண்டும் என்று இக்கரை மார்ச் ஒன்றில் உட்கார்ந்துகொண்டது. இரண்டும் நியாயம்தான். அதனால்தான் தீரவில்லை.

அக்கா வாழ்க்கைப்பட்டது அக்கரையில். தங்கை இக்கரையில் திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருந்தாள். அவளை எல்லோரும் ஊசி என்று கூப்பிடுவார்கள். தொழிலால் வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். நாக்கினால் வந்த பெயர் என்று அத்தான் சொல்வார். வருடம் முழுக்க அக்காவும் தங்கையும் ஒட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். ஒருத்தி வீட்டில் பலகாரம் செய்தால் இன்னொருத்தி வீட்டில் வாசனை அடிக்கும். ஆனால் பிப்ரவரி முடிகிற நேரம் வந்தால் போதும், போன்கூடக் கிடையாது. மார்ச் பிறந்து இரண்டு மூன்று நாள் ஆன பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல யாராவது ஒருத்தி கூப்பிட்டு, வீட்டில் வெங்காயம் இருக்கிறதா என்று கேட்பாள். ஆற்றைத் தாண்டி வெங்காயம் வாங்கி யாருக்கு ஆகப்போகிறது? சமாதானம் அப்படித்தான் வரும்.

இந்த வருடம் இருபத்தாறாம் தேதியே அத்தான் கடைக்கு வந்து நின்றார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எங்கே உட்கார்ந்தாலும் கை ஸ்டியரிங் பிடிக்கிற உயரத்திலேயே நிற்கும். வெட்டிப்போட்ட துணித் துண்டுகளை ஒதுக்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். அக்காவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. வீட்டுக்குள்ளேயே கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். மாடிப்படி இறங்க டாக்டர் விடமாட்டார். ஊசி போன வாரம்தான் போய்த் தலை வாரிவிட்டு வந்திருந்தாள்.

"உங்கக்கா ஒண்ணு கேட்டு அனுப்பியிருக்கா. கத்திரிக்கோலைக் கீழ வச்சுட்டுக் கேளு."

"வச்சுட்டேன். சொல்லுங்க."

"இந்த வருஷம் அங்க நீ வந்து பதில் சொல்லணுமாம்."

ஊசி கத்திரிக்கோலை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

அக்கரை வழக்கம் அவளுக்குத் தெரியாததல்ல. பொழுது சாயும் நேரத்தில் பழைய படகுத்துறையில் கூடுவார்கள். ஆலையில் சங்கு ஊதிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் படியில் நின்று, போனவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் அந்தக் குடும்பத்தில் ஒருவர் "இருக்கோம்" என்று பதில் சொல்ல வேண்டும். ரத்த உறவுதான் சொல்ல வேண்டும், மருமகன், மருமகள் சொன்னால் சேர்த்தியில்லை. பதில் வராத பெயரை அடுத்த வருடத்திலிருந்து கூப்பிடுவதில்லை. கொடுமையால் வந்த வழக்கமில்லை இது. பதில் வராத பெயருக்குப் பின்னால் வருகிற அமைதியை இன்னொரு தடவை கேட்க யாருக்கும் மனசு வரவில்லை, அவ்வளவுதான். அக்காவின் மகன் கப்பலில் வேலை செய்கிறான், எந்தக் கடலில் இருக்கிறானோ. மிச்சமிருக்கிற ரத்தம் ஊசி ஒருத்திதான்.

"முப்பது வருஷத்துக்கு மேல மருமகனா இருக்கேன், இன்னும் எனக்கு ரத்தம் ஒட்டலையாம். இல்லேன்னா நானே சொல்லிட்டுப் போயிடுவேன்," என்றார் அத்தான். பிறகு எழுந்து, "யோசி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

யோசிக்க அவளுக்கு என்ன இருந்தது? யாருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. இருபத்தெட்டாம் தேதி அவள் கடையைத் திறக்கமாட்டாள். கேட்டவர்களிடம் சரக்கு சரிபார்க்கிறேன் என்பாள். உண்மையில் ஒன்றும் செய்யமாட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, அப்பா உயிரோடு இருந்த கடைசி நாளைக் காலையிலிருந்து ராத்திரிவரை மெதுவாக நினைத்துப் பார்ப்பாள். அப்போது அவள் சின்னப் பெண். அன்றைக்கு அப்பாவுக்கு விடுமுறை. மற்ற நாட்களெல்லாம் துண்டு துணியாகத்தான் ஞாபகம் இருந்தன, ஒரு கை, ஒரு சட்டை, எஞ்சின் எண்ணெய் வாசனை. அந்த ஒரு நாள்தான் அவளிடம் முழுத் துணியாக இருந்தது. அதில் ஓர் இடத்திலும் சாவு இல்லை. அந்த நாளில் போய்ப் படித்துறையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நின்றால், பிறகு அதுவும் துக்க நாளாகிவிடும். அதற்கப்புறம் அவளிடம் என்ன இருக்கும்?

போகாவிட்டால் அக்கரையில் அப்பாவை இனிமேல் கூப்பிடமாட்டார்கள். போனால் தன் கையில் இருப்பது போய்விடும். இரண்டு நாளாக அவள் தைத்த தையலெல்லாம் கோணலாக வந்தது. ஒரு ஆஸ்பத்திரிக்குத் தைத்த திரைச்சீலையைத் தலைகீழாக மடித்துத் தைத்துவிட்டுப் பிரித்தாள்.

இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் பஸ் ஏறினாள். பதில் சொல்ல இல்லை. முடியாது என்று நேரில் சொல்ல. போனில் சொன்னால் அக்கா அழுவாளோ என்ற பயம் இல்லை, பேசாமல் வைத்துவிடுவாளோ என்றுதான் பயம்.

அக்கா கட்டிலில் இரண்டு தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், படுக்கையில் கிடந்தும் படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்க விடமாட்டாள். மாத்திரைகள் சிப்பாய்கள்போல வரிசையாக நின்றன. அத்தான் டீ போட்டுவந்து வைத்துவிட்டு, சமையலறையில் ஏதோ பெரிய வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டார்.

ஊசி சுற்றி வளைக்கவில்லை. அந்தப் பழக்கமே அவளுக்குக் கிடையாது.

"என்னால முடியாதுக்கா. இன்னிக்கு அவர் உயிரோட இருந்தாரு. உயிரோட இருந்த நாள்ல போய் நான் எப்படி அஞ்சலி செலுத்துவேன்? நீ வருஷா வருஷம் எப்படிச் செய்யறேன்னே எனக்குப் புரியலை. புருஷன் ஊர் வழக்கம்னா எதை வேணாலும் செஞ்சுடுவியா?"

அக்கா கோபப்படவில்லை. டீயை ஊதினாள். அத்தானுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே, விடுதியில் தனியாக இருந்தபோதே, அவள் இருபத்தெட்டாம் தேதிதான் விரதம் இருந்தாளாம். ஊசிக்கு இது புதுச் செய்தி. இத்தனை வருடமும் அக்கா கரை மாறியதால் தேதி மாறினாள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பில்தான் எத்தனையோ தடவை குத்தியும் பேசியிருந்தாள்.

"நான் எப்ப வந்து சேர்ந்தேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள் அக்கா.

இருந்தது. அக்கா அப்போது வெளியூரில் நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். தகவல் தாமதமாகத்தான் போனது. ரயில் மாறி, பஸ் மாறி, மார்ச் ஒன்றாம் தேதி மத்தியானம் வந்தாள்.

"எல்லாம் முடிஞ்சு போச்சு. நீங்க எல்லாரும் குளிச்சு ஈரத் தலையோட உட்கார்ந்திருந்தீங்க. வாசல்ல யாரோ ஒருத்தர் நாற்காலியெல்லாம் மடக்கி அடுக்கிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலியைப் பிரிச்சுப் போட்டார். எனக்கு ஒண்ணாம் தேதின்னா அந்த நாற்காலிதான்டி. அதுல போய் வருஷா வருஷம் உட்காரச் சொல்றியா?"

அக்கா ஒரு வாய் டீ குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"இருபத்தொன்பது நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் கண்ணுல படும். ஒண்ணு வேணாம். அப்ப இருபத்தெட்டு. நான் அன்னிக்கு அவரைப் பார்க்கலை. பொங்கல் லீவுக்கும் வரலை, பரீட்சைன்னு இருந்துட்டேன். நீ பார்த்தே. உனக்கு அது இருக்கு. எனக்கு ஒரு நாளும் இல்லை. ஒரு நாளாவது வேணும்னு எடுத்துக்கிட்டேன்."

அக்கா அதைக் குறையாகச் சொல்லவில்லை. நோயாளிக்கு என்ன மருந்து கொடுத்தோம் என்று அடுத்த வேளை நர்ஸிடம் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் ஊசியை என்னவோ செய்தது. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், வாயில் வந்த இடத்தில் ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு அப்பா முடி வெட்டிக்கப் போனாரு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

முடி திருத்துபவருக்கு வீட்டில் கைக்குழந்தை, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. தூங்கி வழிந்துகொண்டே வெட்டியதில் ஒரு பக்கக் கிருதா காது நுனியில் நின்றது, இன்னொரு பக்கக் கிருதா இருந்த இடமே தெரியவில்லை. அப்பா அதைக் கவனிக்காமல் கடைவீதியெல்லாம் சுற்றி, நாலு பேரிடம் நலம் விசாரித்துவிட்டு, ஜம்மென்று வீட்டுக்கு வந்தார். அம்மா கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். "இந்தப் பக்கம் பார்த்தா மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க, அந்தப் பக்கம் பார்த்தா மாமனார் மாதிரி இருக்கீங்க" என்றாள். அப்பா கண்ணாடியில் பார்த்தார். கோபம் வரவில்லை. அன்று முழுக்க, யாரோடு பேச வேண்டுமோ அவர்களுக்கு ஏற்ற பக்கத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார். வாடகை கேட்க வந்தவருக்கு மாமனார் பக்கம். ஊசிக்கு மாப்பிள்ளை பக்கம்.

இதைச் சொல்லும்போது ஊசி தன் முகத்தையே திருப்பித் திருப்பிக் காட்டினாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது. வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அத்தானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"திரும்பப் போய்ச் சரி பண்ணிக்கலையா?"

"அம்மா போகச் சொன்னா. பாவம், அந்த ஆள் இப்பத்தான் கண் அசந்திருப்பான், நாளைக்கு வேலை முடிஞ்சு வர்ற வழியில பார்த்துக்கறேன்னாரு."

ஜன்னல் கண்ணாடியில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா நேரத்தைப் பார்த்தாள், ஆனால் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. தங்கையின் கையை எடுத்து, பழக்கதோஷத்தில் நாடி பார்ப்பதுபோலப் பிடித்துக்கொண்டாள். ஊசிதான் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலியில் போட்டிருந்த சால்வையை எடுத்தாள்.

"நான் உன்னைக் கட்டாயப்படுத்தலை," என்றாள் அக்கா.

"நீ கட்டாயப்படுத்தி நான் எதைச் செஞ்சேன்? குளிருது, ஜன்னலைச் சாத்தச் சொல்லு."

படகுத்துறையில் கூட்டம் பெரிதாக இல்லை. ஒவ்வொரு வருடமும் ஒன்றிரண்டு தலைகள் குறைகின்றன என்று அத்தான் சொல்லியிருந்தார். யாரும் கறுப்புத் துணி கட்டியிருக்கவில்லை. அவளாக நினைத்துக்கொண்டதுதான். வேலையிலிருந்து நேராக வந்தவர்கள் பையும் கையுமாக நின்றார்கள். ஒரு பெண், "ஒண்ணாந்தேதிக்காரி வந்திருக்கா பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். காதில் விழ வேண்டும் என்றே சொன்னாள். ஊசி திரும்பி, நாளைக்கு அங்கேயும் நிற்பேன், எனக்கு இரண்டும் கட்டுப்படியாகும் என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள்.

சங்குக்காரர் கூப்பிட ஆரம்பித்தார். கையில் காகிதம் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஏதோ ஒரு மூலையிலிருந்து "இருக்கோம்" வந்தது. ஒரு குரல் தடித்தும், ஒரு குரல் இருமலோடும், ஒரு குரல் அவசரமாக பஸ்ஸைப் பிடிக்கப் போவதுபோலவும் வந்தது. அப்பாவை அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்தக் காலத்தில் ஊரே எப்படிக் கூப்பிட்டதோ அப்படியே கூப்பிட்டார் கிழவர்.

"எஞ்சின்காரரே."

ஊசி உதட்டை இறுக்கிக்கொண்டாள். அழுகையால் இல்லை. கண்ணுக்கு முன்னால் அப்பா மாப்பிள்ளை பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது. துறையில் அமைதி விழுந்தது. அக்கரைக்காரர்கள் பயந்து ஒதுக்கி வைத்திருந்த அமைதி அதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. தண்ணீர் படியில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கிழவர் அடுத்த பெயருக்குப் போகாமல் அவள் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கோம்," என்றாள் ஊசி. கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நின்றாள்.

திரும்பி வந்தபோது அத்தான் கதவைத் திறந்து, சால்வையை வாங்கி மாட்டினார். அக்கா விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன். சிரிச்சும் தொலைச்சுட்டேன். உன் கரையில என் மானம் போச்சு."

அக்கா கட்டிலில் வலிக்காமல் கொஞ்சம் நகர்ந்து, சுருக்கமில்லாத விரிப்பைத் தட்டி, பக்கத்தில் இடம் காட்டினாள். ஊசி அப்படியே காலை மடக்கி ஏறி உட்கார்ந்தாள். விரிப்பு கசங்கியது. அக்கா அதை நீவி விடவில்லை.

"வாடகை கேட்க வந்தவர் போனது வரைக்கும் சொன்னே," என்றாள் அக்கா. "சாயங்காலம் அப்பா என்ன பண்ணாரு?"