டீச்சரைப் பார்த்து எழுதிய விடை

கர்ப்பிணிகள் பிரிவின் பெஞ்சில் அன்று எட்டுப் பேர். அதில் ஒருத்தி எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் டீச்சர். ஏழாம் மாதம். பக்கத்தில் அவள் நாத்தனார், மடி நிறையப் பையும் வாய் நிறையப் பெருமையுமாக.

"எங்க வீட்டுப் பொண்ணு சிங்கம்மா! நாப்பது பிள்ளைங்களை ஒரு பார்வையில அடக்கிடுவா. மசக்கைன்னு ஒரு நாள் படுத்ததில்ல."

சிங்கம் தலையைக் குனிந்துகொண்டது. தினமும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதுவிட்டு வரும் சிங்கம் அது. ஏன் அழுகை என்று கேட்டால் அதற்கே தெரியாது.

நர்ஸ் ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். பத்துக் கேள்விகள். முதலில் மனம்விட்டுச் சிரிக்க முடிகிறதா, பிறகு தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் பயமா என்று போயிற்று. எதிரே 'ஆமாம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். நாத்தனார் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வாங்கப் போன நேரம் பார்த்து டீச்சர் மளமளவென்று உண்மையைக் குறித்தாள். ஆறாவது கேள்வி, 'அடிக்கடி அழுகிறீர்களா?' அதற்கு மட்டும் 'இல்லை' போட்டு, அடித்து, 'ஆமாம்' போட்டாள்.

கால்மணி நேரத்தில் நர்ஸ் எட்டுத் தாளோடும் வந்து நின்றாள்.

"என்னம்மா இது? எட்டுப் பேருக்கும் தூக்கமில்ல, எட்டுப் பேருக்கும் பயம். அதுவும் எட்டுப் பேரும் ஆறாவதை அடிச்சு அடிச்சுத் திருத்தியிருக்கீங்க!"

டீச்சருக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த, பேக்கரியில் வேலை பார்க்கும் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"டீச்சரைப் பார்த்து எழுதினேன் சிஸ்டர். அவங்களுக்குத்தானே சரியான விடை தெரியும்?"

"நான் இவளைப் பார்த்து எழுதினேன்," என்றாள் அடுத்தவள்.

"அடித்தல்கூடவா?"

"அதுக்கும் மார்க் இருக்குமோன்னு..."

அந்த நேரம் பார்த்து நாத்தனார் சீட்டோடு வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும், "நம்ம பொண்ணு அழுவாளா? அவசரத்துல மாத்திப் போட்டிருப்பா. இல்லம்மா?" என்றாள்.

தப்பித்துக்கொள்ள வழி திறந்தே கிடந்தது. 'ஆமாம் அண்ணி' என்றால் முடிந்தது. டீச்சரோ, நர்ஸ் நீட்டிய புதுத் தாள்களை வாங்கி, பழக்க தோஷத்தில் தானே விநியோகித்தாள்.

"நீங்க அந்த ஓரம். நீங்க ஜன்னல் பக்கம். யாரும் யாரையும் பார்க்கக் கூடாது."

பிறகு தன் தாளை எடுத்தாள். நாத்தனார் முதுகுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. ஆறாவது கேள்வி வந்தது. 'ஆமாம்'. இந்தத் தடவை அடித்தல் இல்லை.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து மூன்று டோக்கன் எண்களைச் சொன்னாள். "பிரஷர் பார்க்கற மாதிரிதான் இதுவும். மனநல டாக்டர்கிட்ட பேசிட்டுப் போங்க."

டீச்சர் எழுந்தாள். பேக்கரிப் பெண்ணும் எழுந்தாள்.

"நீ பார்த்துத்தானே எழுதின?"

"பார்த்துத்தான் எழுதினேன் டீச்சர். தனியா போட்டாலும் அதே விடைதான் வந்துச்சு."

நாத்தனார் பக்கம் திரும்ப டீச்சருக்குத் தைரியம் வரவில்லை. அவளே கிட்டே வந்தாள்.

"ரெண்டு மாசமா நம்ம வீட்டு டேங்க் ஏன் காலை எட்டு மணிக்கே காலியாகுதுன்னு நினைச்சே? மோட்டார் போட்டுப் போட்டு எனக்குக் கையே ஓஞ்சு போச்சு!"

"தெரியுமா அண்ணி? ஏன் கேக்கல?"

"கேட்டா நீ இன்னும் ரெண்டு குழாயைத் திறந்துட்டா என்ன பண்றது? போ, மூட்டையை அவிழ்த்துக் கொட்டிட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்."

டீச்சருக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிறு குலுங்க, ஜன்னலோரம் இருந்தவள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். கதவருகே போனவள் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"சிஸ்டர், முதல் கேள்வியை மட்டும் திருத்திக்கலாமா?"