பென்சில் குறிப்பு

ஜீடிமெட்லா மாத்திரைக் கம்பெனியில் ஒன்பது வருஷம் நின்றபடியே அட்டை அடுக்கி ஆக்னஸுக்கு முழங்கால் போயிற்று. உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டுமென்று, நாற்பது வயதில், திருமுல்கேரியில் மெடிக்கல் கோடிங் வகுப்பில் சேர்ந்தாள். டாக்டர் எழுதியதைப் படித்து நோய்க்குரிய எண்ணைப் போடுகிற வேலை. கடைசித் தேர்வில் முதலில் வருகிற ஒருவருக்குத்தான் இன்டர்வியூ. புத்தகம் பார்த்து எழுதலாம். அவளுடைய தடிப் புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள்.

பக்கத்து சீட் ரஞ்சன் அதைத் தினமும் வாங்கித் தன் புத்தகத்தில் காப்பியடித்தான். மாதிரித் தேர்வில் இருவருக்கும் ஒரே தப்புகள் வந்தன. வாத்தியார் வெங்கடராமன் விசாரித்தார்.

“ஆன்ட்டிதான் என்னைப் பார்த்து எழுதறாங்க சார்” என்றான், கண் இமைக்காமல்.

வெறும் சந்தேகத்தில் வாத்தியார் அவளைக் கடைசி பெஞ்சுக்குத் துரத்தினார். வகுப்பே சிரித்தது. ஆக்னஸ் அழவில்லை. இவனைச் சும்மா விடுவதில்லை என்று கறுவிக்கொண்டாள்.

மறுவாரம் கொஞ்சமும் கூச்சமில்லாமல் வந்து நின்றான். “கோபம் நக்கோ ஆன்ட்டி, மனசுல வெச்சுக்காதீங்க. புக் ஒரு நாள் குடுங்க.”

“அதுக்கென்ன மக்ளே, நாளைக்குத் தாறேன்.”

அன்றே, அவன் இன்னும் காப்பியடிக்காத பத்துக் குறிப்புகளை அழித்து, பொய்யாக எழுதினாள். ஓ.பி. நோயாளிக்கு ‘நிமோனியாவாக இருக்கலாம்’ என்று டாக்டர் எழுதினால் இருமல், காய்ச்சலுக்குத்தான் எண் போட வேண்டும். ‘நிமோனியா என்றே போடலாம்’ என்று மாற்றினாள். புத்தகம் திரும்பி வந்ததும் பத்தையும் அழித்துப் பழையபடி எழுதிவைத்தாள்.

கடைசித் தேர்வில் ரஞ்சனுக்குப் பத்தும் தப்பு. ஆக்னஸ் முதல்.

“சந்தேகத்தை நோயா எழுதக் கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனே. இதை எங்கேருந்துய்யா பிடிச்சே?” என்று வாத்தியார் அவன் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார்.

ரஞ்சன் கடைசி பெஞ்சைக் காட்டினான். “ஆன்ட்டி புக்லேருந்து காப்பி பண்ணேன் சார். அதுல இப்படித்தான் இருந்துச்சு.”

வகுப்பு மொத்தமும் திரும்பியது. வாத்தியார் கடைசி பெஞ்சுக்கு வந்து அவள் புத்தகத்தைத் திறந்தார். குறிப்பு சரியாக இருந்தது.

“எனக்க புக்கைப் பாத்தா எழுதினான்? அன்னைக்கு வேற மாதிரில்லா சொன்னான், சார்” என்றாள் ஆக்னஸ்.

ரஞ்சன் தலை தூக்கவில்லை. அவளுக்குத் துளி இரக்கமும் வரவில்லை, உள்ளுக்குள் தித்தித்தது.

ரப்பர் தேய்த்து மெலிந்த தாளை வாத்தியார் விரலால் தடவினார். அவளைப் பார்த்தார். அவள் அசையாமல் பார்த்தாள். சந்தேகத்தை எழுதக் கூடாது என்பது அவர் நடத்திய பாடம். திரும்பிப் போய் இன்டர்வியூ பட்டியலில் அவள் பெயரை எழுதினார்.