இரண்டு ஃபேனா, மூன்று ஃபேனா

மாமியாரின் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு உயிரை விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகக் கோடு விழுந்து, பிறகு இருண்டுபோனது. அவருடைய அணியில் மற்ற நான்கு பேரும் ஒரு மலைக்கோட்டை வாசலில் நின்றுகொண்டு, "மேடம், எங்க போனீங்க? மேடம்?" என்று ஹெட்போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோட்டை கைவிட்டுப் போயிற்று.

மேடத்துக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தைந்து வருடம் கோர்ட்டில் டைப்பிஸ்ட். சாட்சி வாயை மூடுவதற்குள் அவன் சொன்னதைத் தாளில் ஏற்றிவிடுகிற விரல்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்த விரல்கள் சும்மா இருக்க மறுத்தன. தையல், தோட்டம் எதுவும் ஒட்டவில்லை. சண்டை விளையாட்டு ஒட்டிக்கொண்டது.

அவருக்கும் மருமகனுக்கும் நடுவில் பதினோரு வருடமாக ஒரு தகராறும் கிடையாது. பேச்சும் கிடையாது. "சாப்டாச்சா மாப்பிள்ளை?" "ஆச்சு அத்தை." இதைத் தாண்டி இரண்டு பேரும் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை.

மருமகன் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஆபீஸ்கள் திறப்பதற்கு முன்பே போய்ப் பார்க்க வேண்டிய வேலை என்பதால் விடியும்போதே கிளம்பிவிடுவார். மதியம் இரண்டு மணிக்கு வந்து படுப்பார். அவர் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியாரின் மேஜை. சரியாக இரண்டரைக்கு அணி கூடும். கார்டின் ஃபேன் முதலில் முனகும், பிறகு இரையும், கோட்டையை நெருங்கும்போது சுவரில் மாட்டிய காலண்டர் ஆடும். "உங்கம்மா ரூம்ல ஹெலிகாப்டர் இறங்குது" என்று மனைவியிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். "நீங்களே போய்ச் சொல்லுங்களேன்" என்பாள் அவள். அதற்கு அவர் புரண்டு படுத்துக்கொள்வார்.

கார்டு செத்த மறுநாள் மாமியார் அவர் அறை வாசலில் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, புதுசா ஒரு கார்டு வாங்கணும். உங்களுக்கு மிஷின் விஷயம் தெரியும். எதுன்னு பாத்துச் சொன்னா நல்லது."

பார்க்கிறேன் என்றார். பார்ப்பதற்குப் பத்து நாள் எடுத்துக்கொண்டார். அந்தப் பத்து நாளும் மதியத் தூக்கம் அமோகமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் சோம்பியிருந்தார் என்று சொல்ல முடியாது. லிஃப்டுக்குப் போடுகிற மாதிரியே கட்டம் போட்டு ஒரு அட்டவணை எழுதினார். சிப் ஒன்றுதான். அதை வாங்கி ஐந்து கம்பெனிகள் கார்டு செய்கின்றன. ஒவ்வொரு கம்பெனியும் அதையே நாலு பெயரில் விற்கிறது. ஒன்றின் பெயருக்குப் பின்னால் 'எக்ஸ்', இன்னொன்றுக்கு 'அல்ட்ரா', மற்றொன்றுக்கு இரண்டும். இரட்டைப் பிள்ளைகளை மச்சம் பார்த்துப் பிரிப்பதுபோல அவற்றைப் பிரித்து, கடைசியில் இரண்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரே கம்பெனி, ஒரே மெமரி, விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. ஒன்றில் இரண்டு ஃபேன், குட்டை. மற்றதில் மூன்று ஃபேன், நாலு விரல் கூடுதல் நீளம். வேகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு வித்தியாசம். சத்தத்தில் மட்டும் நீளமானது நாலு டெசிபெல் குறைவு.

அவர் மனதில் முடிவாகிவிட்டது. காரணமாகச் சூட்டைச் சொல்வது என்றும் முடிவாகிவிட்டது.

சனிக்கிழமை காலை இருவரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இரண்டு பெட்டிகளையும் எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். எது வேணாலும் எடுத்துக்கலாம்."

"எதுக்கு அப்புறம் ரெண்டு செய்யறாங்க?" என்றார் மாமியார்.

கடைக்காரர் இதை யோசித்தார். "அது அவங்களைத்தான் கேக்கணும்மா."

"மூணு ஃபேன் எடுத்துக்கலாம் அத்தை" என்றார் மருமகன். "சூடு தாங்கும்."

"சின்னது போதும் மாப்பிள்ளை."

"பெருசு உங்க கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள்ள உக்காரும். நான் அளந்துட்டேன்."

"இந்த கேபினெட்டுக்கு உக்காரும். நான் கேபினெட்டையும் சின்னதா மாத்தப்போறேன்."

"ஏன்?"

மாமியார் குட்டைப் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படித்தார். கோர்ட்டில் இருந்தவர், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடமாட்டார்.

"தூக்கிட்டுப் போக வசதியா இருக்கும். நான் ரெக்கார்டு வீட்டுக்குக் குடி போறேன்."

ரெக்கார்டு என்பது கோர்ட்டில் ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொண்ட அவருடைய தோழி. ஊரே அப்படித்தான் கூப்பிடும். தனியாக இருப்பவர்.

மருமகன் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போது சின்னதை வாங்குங்கள் என்றால், கிளம்புங்கள் என்று சொன்ன மாதிரி. பெரியதை வாங்குங்கள் என்றால், இருங்கள் என்று சொன்ன மாதிரி. ஆனால் பெரியதை அவர் எதற்காகச் சொன்னார் என்பது அவருக்குத் தெரியும்.

"உங்களுக்கு எது தோதோ அதைச் செய்யுங்க அத்தை. எங்க இருந்தாலும்..."

"நான் கார்டைப் பத்திக் கேக்கறேன் மாப்பிள்ளை."

கடைக்காரர் மேஜையைத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அத்தை, நான் பெருசு சொன்னது சூட்டுக்காக இல்ல" என்றார் மருமகன், பெட்டியைப் பார்த்துக்கொண்டே. "சத்தத்துக்காக."

"தெரியும். சுவர் உங்க பக்கம் மட்டுமா இருக்கு? நீங்க ஹெலிகாப்டர்னு சொன்னது எனக்கும் நல்லாவே கேட்டுது."

அவருக்குக் காது மடல் வரை சூடேறியது. "தப்புதான். அதுக்காகவா போறீங்க?"

"அதுக்காகப் போறதா இருந்தா முதல் தடவையே போயிருப்பேன். ரெக்கார்டுக்கு முட்டில ஆபரேஷன் ஆச்சு. கூட ஆள் வேணும். எனக்கும் அவகூட இருந்தா சிரிப்பா இருக்கும். போன மாசமே போயிருக்கணும். அவ நாலாவது மாடி. லிஃப்டை யாரோ சீல் வெச்சுட்டாங்க."

மருமகன் மெதுவாக நிமிர்ந்தார். "பழைய தபால் ஆபீஸ் பின்னாடியா?"

"ஆமா."

"கயிறு நைஞ்சு போயிருந்துது அத்தை."

"தப்புன்னு நான் சொல்லலையே. அவ மட்டும் கொஞ்சம் சொல்றா. அஞ்சு வாரமா கீழ இறங்கல."

குட்டைக் கார்டைத்தான் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் மருமகனே அதைப் பொருத்தினார். மாமியார் டார்ச் பிடித்தார். மதியம் அணி கூடியபோது மருமகன் தூங்கப் போகாமல் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். எங்கெங்கோ இருந்த நான்கு பேர், மாமியார் 'இடது' என்றால் இடதுபக்கம் ஓடினார்கள். 'படு' என்றால் படுத்தார்கள். 'சாப்டாச்சா' என்பதற்கு மேல் தன்னிடம் பேசாத அதே குரல்தானா இது என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. கோட்டை ஒரு மணி நேரத்தில் திரும்பக் கிடைத்தது. ஃபேன் இரையத்தான் செய்தது. ஆனால் கூட உட்கார்ந்து கேட்கும்போது அது வேறு மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை அந்தக் கட்டடத்து மேனேஜருக்குப் போன் போட்டு, கயிறு எப்போது வருகிறது என்று விசாரித்தார். இரண்டு வாரத்தில் மாற்றினார்கள். போய்ப் பார்த்தவர், கதவு சென்சார் சரியில்லை என்று சீலை எடுக்காமலே திரும்பினார்.

"எங்கம்மா போகக் கூடாதுன்னு வேணும்னே பண்றீங்க" என்றாள் மனைவி.

"கை வெச்சாக்கூட கதவு நிக்கல."

"கை வெக்காம இருந்தா போச்சு."

"மாப்பிள்ளை செஞ்சதுதான் சரி" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

அடுத்த வாரம் சென்சாரும் சரியாயிற்று. சீலைத் தன் கையாலேயே கிழித்துவிட்டு வந்து, அன்று மதியம் அவர் தூங்கவில்லை. விளையாட்டு இல்லாத நாள். சத்தம் ஒன்றும் இல்லை. ஏன் தூக்கம் வரவில்லை என்று மனைவி கேட்டதற்கு, காபி ஜாஸ்தியாகிவிட்டது என்றார்.

குடி போன அன்று மாமியார் கம்ப்யூட்டரை மடியில் வைத்து அதன்மேலேயே சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். ரெக்கார்டு ஊன்றுகோலுடன் கதவைத் திறந்து மருமகனை மேலும் கீழும் பார்த்தார்.

"சீல் வெச்சவரா? உள்ள வாங்க. உக்காருங்க."

மேஜையை எங்கே போடுவது என்று தோழிகள் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. மாமியார் சுவரோரம் என்றார். ரெக்கார்டு ஜன்னலோரம் என்றார், உட்கார்ந்தபடியே தெருவைப் பார்க்க வேண்டுமாம். கடைசியில் இரண்டு பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை."

இந்தத் தடவை அவர் யோசிக்கவே இல்லை. "ஜன்னல் வேண்டாம் அத்தை. வெயில் நேரா திரையில விழும், ஒண்ணும் தெரியாது. சுவரோரமே போடுங்க."

மாமியார் தலையசைத்தார். ரெக்கார்டும் நியாயம்தான் என்றார்.

பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேஜையை ஜன்னலோரம் போட்டார்கள்.