இரண்டு காதும் தெரிய வேண்டும்

எந்தக் காது முதலில் போனது என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. வலது என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் அவனுடைய அக்காவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இடது என்றாள். அவள் நேரில் பார்த்தவள். நான் கேள்விப்பட்டவன்; கேட்டதையும் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டவன். ஆகவே வரிசையை நம்ப வேண்டாம். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

ஒரு ஸ்டூடியோக்காரர். கீழே ஸ்டூடியோ, மாடியில் வீடு. வீட்டில் மனைவியும், மனைவியின் தம்பியும். தம்பிக்குத் தூண் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பையோடு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான், கேட்டால் பேச மாட்டான், சாப்பிட்ட தட்டை மட்டும் சத்தமில்லாமல் கழுவி வைத்துவிடுவான். அவனுக்கு ஒரு கப்பலில் சரக்கறை வேலை வந்திருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் துறைமுக அலுவலகத்தில் விண்ணப்பமும் போட்டோவும் கொடுத்துவிட்டால் திங்கட்கிழமை கப்பல் ஏறலாம். தவறவிட்டால் தவறவிட்டதுதான். ஸ்டூடியோக்காரர் காலண்டரில் அந்த வெள்ளிக்கிழமையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். தூண் அந்த வட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அதே வாரத்தில்தான் அவருக்கு லென்ஸ் பித்துப் பிடித்தது. லென்ஸ் கடைக்காரர் முகப்படத்துக்கென்றே செய்த லென்ஸ்கள் இரண்டைக் கொடுத்து, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைச் சனிக்கிழமை திருப்பித் தரச் சொல்லியிருந்தார். ஒன்று 1.4. மற்றது 1.2. வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு அது; எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும். துவாரம் பெருத்தால் தெளிவு தாள் கனத்துக்கு மெலிந்துவிடும். இமை மயிரில் தெளிவை நிறுத்தினால் மூக்கு லேசாகக் கரையும், காது நன்றாகக் கரையும், பின்னால் சுவர் ஒன்று இருந்ததா என்றே சந்தேகம் வரும். எந்த லென்ஸில் அந்தக் கரைதல் அழகு என்று பார்க்க வேண்டும். அதற்கு அசையாத ஆள் வேண்டும். வீட்டில் தூணை வைத்துக்கொண்டு வெளியில் எங்கே தேடுவது?

திங்கள், செவ்வாய், புதன். காலையில் இடது காது தெரிய உட்காரவைத்து 1.4. மதியம் ஸ்டூலைத் திருப்பி, வலது காது தெரிய 1.2. ஒவ்வொன்றிலும் நாளுக்கு முந்நூறு படம். நோட்டில் குறித்துக்கொண்டார்: ‘1.4, காது தயிர். 1.2, காது வெண்ணெய்.’

புதன்கிழமை சாயங்காலம் மனைவி டீ கொண்டுவந்தாள். தம்பியிடம் டம்ளரை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னங்க, என் தம்பி காது எங்க?”

“அங்கதான் இருக்கும், பாரு.”

“இருக்கு. எங்க முடியுதுன்னுதான் தெரியல.”

அவர் கிட்டப் போய்ப் பார்த்தார். இரண்டு காதுகளும் தண்ணீரில் கிடந்த சோப்பைப் போல ஓரம் அழிந்து, பின்னாலிருந்த திரையோடு கலந்துகொண்டிருந்தன. விரலால் தொட்டார். எந்த இடத்தில் தொட ஆரம்பித்தோம் என்பது விரலுக்குத் தெரியவில்லை. தூண் டீயைக் குடித்தான்.

“வலது இன்னும் கொஞ்சம் மிருதுவா இல்ல?” என்றார் ஸ்டூடியோக்காரர்.

“அவன் காது ரெண்டும் போயிருக்கு, நீங்க மார்க் போடுறீங்க.”

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. கடைக்காரருக்குப் போன் போட்டார்.

“மூணு நாள் ஒரே ஆளையா வச்சீங்க?” என்றார் கடைக்காரர். “நாங்க பூந்தொட்டிய வச்சுத்தான் பாப்போம் அண்ணே.”

“பூந்தொட்டிக்கு ஒன்னும் ஆகலையா?”

“ஆகாம என்ன. ஜன்னல் பக்கமாத்தான் எங்கயோ இருக்கு. தடவிப் பாத்துத் தண்ணி ஊத்துறோம்.”

“காது திரும்ப வருமா?”

“லென்ஸ்னா திரும்ப வாங்கிப்போம். காதுக்கு நாங்க பில் போடலையே.”

வியாழக்கிழமை ஸ்டூடியோக்காரரும் தூணும் துறைமுக அலுவலகத்துக்குப் போனார்கள். கவுண்டர் கண்ணாடியில் விதி ஒட்டியிருந்தது: இரண்டு காதுகளும் தெளிவாகத் தெரிய வேண்டும். கவுண்டர் அம்மாள் போட்டோவைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“போட்டோவுல குத்தமே இல்ல. அச்சு அசலா இருக்கு. ஆள்தான் சரியில்ல.”

“இப்ப என்ன பண்றதும்மா?”

“ஆளைச் சரிபண்ணிக் கூட்டிட்டு வாங்க. நாளைக்கு நாலு மணி வரைக்கும் இருப்பேன்.”

வரிசையில் பின்னால் நின்றவர், “காதை வச்சா கப்பல் ஓட்டப் போறாரு?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. தூண் மட்டும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

வீடு வரும் வரை சிவப்பு வட்டத்தை நினைத்துக்கொண்டே நடந்தார் ஸ்டூடியோக்காரர். மூன்று வருஷம் காத்திருந்து, வெண்ணெய் திரள்கிற நேரம் பார்த்துத் தானே தாழியில் கல்லை விட்டெறிந்தது போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய லென்ஸை எடுத்தார். காமிராவோடு சும்மா வந்தது. இதுவரை யாரும் அதை ஒரு லென்ஸாக மதித்ததில்லை. துவாரத்தை 16 வரை மூடினார். ஊசி போகும் அளவுக்கு வெளிச்சம். திறந்த துவாரம் தின்றதை மூடிய துவாரம் கக்கித்தான் ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு படத்துக்கும் நாலு விநாடி. மனைவி வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

பதினோரு மணிக்கு வலது காதின் மடல் வந்தது. ஒரு மணிக்கு அதன் மடிப்புகள் வந்தன. ஆனால் 16 என்பது ஆளைப் பார்த்துத் தெளிவு கொடுப்பதில்லை. சுவரில் இத்தனை நாள் தெரியாத விரிசல் வந்தது. திரையின் ஒட்டு வந்தது. மனைவியின் காதோரத்தில் நரை, இழை இழையாக வந்தது. அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

இரண்டு மணிக்குத் தூண் பேசினான்.

“மாமா, ஒன்னு வந்துடுச்சுல்ல. இன்னொன்னு இப்படியே இருக்கட்டுமே.”

“ரெண்டும் கேக்குறாங்களே மாப்ள.”

“இந்த ரெண்டு மூணு நாள் நல்லா இருந்துச்சு. மாடில சுவருக்கு அந்தப் பக்கம் நீங்களும் அக்காவும் பேசுறது பஞ்சுல சுத்துன மாதிரி கேட்டுச்சு. ‘இவன் எப்பதான் கிளம்புவான்’னு நீங்க கேப்பீங்கல்ல. யாரோ யாரையோ கேக்குற மாதிரி இருந்துச்சு.”

அவர் விரல் ஏற்கெனவே அழுத்தியிருந்தது. நாலு விநாடி. மூன்று பேரும் அசையவில்லை.

“மூணு வருஷமாவா கேட்டுச்சு?”

“சுவர் மெல்லிசு மாமா.”

மனைவி அட்டையைத் தாழ்த்தினாள். அவரைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போக வேணாம்னா சொல்லிடு” என்றார் அவர். “லென்ஸைக் கழட்டிடறேன். வட்டத்தையும் அழிச்சிடறேன்.”

தூண் யோசித்தான். அவன் யோசிப்பதற்கும் சும்மா இருப்பதற்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது.

“போறேன் மாமா. கப்பல்ல என்னைப் பத்திப் பேச யாரும் இருக்க மாட்டாங்க. ஆனா சரக்கறை எஞ்சினுக்குப் பக்கத்துலயாம். முத்திரை வாங்கினதும் அந்தப் பெரிய துவாரத்துல திரும்பப் பிடிச்சு விடுங்க.”

மூன்றே காலுக்கு இடது காது வந்தது. பிரிண்ட் போட்டு, ஈரம் காயாமல் ஓடி, நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கவுண்டரில் நின்றார்கள். கவுண்டர் அம்மாள் எக்கி, தூணின் காதை லேசாக நிமிண்டிப் பார்த்தார்.

“ம். இப்ப ஆள் சரியா இருக்கார்” என்று முத்திரையைக் குத்தினார்.

சனிக்கிழமை முழுக்க 1.2 லென்ஸில் தூணை அறுநூறு படம் எடுத்தார் ஸ்டூடியோக்காரர். நோட்டில் ஒன்றும் குறிக்கவில்லை. சாயங்காலம் 1.4 லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

தூண் இன்னும் அதே கப்பலில்தான் இருக்கிறான். எஞ்சினுக்குப் பக்கத்தில் நன்றாகத் தூங்குவதாக அக்காவுக்கு எழுதியிருக்கிறான். ஒவ்வொரு துறைமுகத்திலும் அடையாள அட்டையையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்த்து நிறுத்துகிறார்கள். காதைத் தொட்டுப் பார்த்தபின் விட்டுவிடுகிறார்கள். அந்த நாலு விநாடிப் படத்தை அக்கா மாடியில் மாட்டியிருக்கிறாள். அதில் அவள் தம்பியும், ஓரத்தில் அட்டையோடு அவளும், ஜன்னல் கண்ணாடியில் அவள் கணவரும் ஒரே தெளிவில் இருக்கிறார்கள். கடைக்காரர் பூந்தொட்டிக்கு இன்னும் தடவித்தான் தண்ணீர் ஊற்றுகிறார். கவுண்டர் அம்மாள் வேறு கவுண்டருக்கு மாறிப் போய்விட்டார். ஸ்டூடியோக்காரர் ஆள் வைத்து மாடிச் சுவரை இரட்டைச் செங்கல் கனத்துக்கு எழுப்பினார். சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் இப்போது யாரும் இல்லை.