ஏணிக்கு மேலே வெயில்

எங்கள் வீட்டுக்கு வாசல் கிடையாது, ஏணிதான். தாராவிச் சந்தில் செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. கீழே பை தைக்கும் பட்டறை, மேலே நாங்கள். கல்யாணமான நாள் முதல் தண்ணீர்க் குடத்தோடு ஏறியவள் நான். இந்த மழைக்காலம் முடிந்ததும் மூன்றாவது படிக்கே கால் எழும்பவில்லை. இடுப்பில் அப்படியொரு குடைச்சல்.

என் வீட்டுக்காரர் பேச்சிராஜா ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"கால்சியம் நார்மலாம். எலும்புக்கு ஒண்ணுமில்லட்டி. கொஞ்ச நாள் ஊருக்குப் போயி இரு. அங்க ஏணி கிடையாதுல்லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற முடியவில்லை என்றால் என் வீட்டை விட்டே அனுப்புவதா? அவரை இழுத்துக்கொண்டு டாக்டர் ஷமீமாவிடம் போனேன். அவர் வேறு இரண்டு பரிசோதனை எழுதினார். முடிவைப் பார்த்ததும், "மாரீஸ்வரி, நீங்க வெயில்ல நிக்கிறதே இல்லையா?" என்றார்.

எங்கே நிற்பது? சந்துக்குள் வெயில் இறங்காது. தகரக் கூரையில் மோர்மிளகாய் பரப்ப விடியுமுன் ஏறுவேன். அள்ள, பொழுது சாய்ந்தபின் ஏறுவேன். என் முகம் கறுத்துவிடக் கூடாதே! மிளகாய்க்குக் கிடைத்த வெயில் எனக்குக் கிடைக்கவில்லை.

என் உடம்பில் வைட்டமின் டி மிகக் குறைவாம். தோல் வெயிலில் அதைத் தொடங்கிவைக்குமாம், கல்லீரல் அதை மாற்றுமாம், சிறுநீரகம் முடித்துக் கொடுக்குமாம். எனக்குச் சட்டென்று விளங்கிற்று. எங்கள் சந்தில் பையும் அப்படித்தான்: ஒரு வீட்டில் வெட்டு, அடுத்ததில் தையல், இன்னொன்றில் ஜிப். வெட்டே நடக்காவிட்டால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வைட்டமின் டி இல்லாமல், தின்ற சோற்றிலிருந்த கால்சியம் உடம்பில் சேரவே இல்லை.

"அப்ப ரத்தத்துல மட்டும் எப்படி நார்மல்?" என்றார் பேச்சிராஜா.

டாக்டர் என் கழுத்தைத் தொட்டார். "இங்க அரிசிமணி கணக்கா நாலு சுரப்பி இருக்கு. பாராதைராய்டு. ரத்தத்துல கால்சியம் துளி குறைஞ்சாலும் அதுக்குத் தெரிஞ்சிரும். ஓயாம ஹார்மோனைச் சுரந்து, எலும்புல இருந்து எடுத்துக் குடுத்திருக்கு. இல்லன்னா கைகால் இழுத்துக்கும், இதயத் துடிப்பே தடுமாறும். எலும்பு கரைஞ்சதுலதான் இடுப்பு வலி."

நான் தூங்கும்போதும், இவரோடு சண்டை போடும்போதும், யாரும் சொல்லாமலே நான்கு அரிசிமணிகள் என் உயிரைக் காத்திருக்கின்றன! கழுத்தைத் தடவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. கோயிலுக்குள் நிற்பதுபோல் இருந்தது, கண் கலங்கிவிட்டது.

மாத்திரையும் வாரம் ஒரு பொடியும் கொடுத்தார். நான் ஊருக்குப் போகவில்லை. நடுப்பகலில் மெயின் ரோட்டோரம் வெயிலில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் பின்னால் தாங்க, தவழ்ந்து தவழ்ந்து வீட்டுக்கு ஏறினேன்.

பொங்கலுக்குச் சற்று முன் புது ரிப்போர்ட் வந்தது. ஏணியடியில் நின்று பேச்சிராஜா படித்தார்.

"கால்சியம் அன்னைக்கும் நார்மல், இன்னைக்கும் நார்மல். என்னதாம்ட்டி வித்தியாசம்?"

கேட்டபடியே, என்னைத் தாங்க வழக்கம்போல் கையை நீட்டினார். கை காற்றில் நின்றது. நான் கூரை மேலே, மோர்மிளகாய்க்குப் பக்கத்தில், உச்சி வெயிலில் உட்கார்ந்திருந்தேன்.