சண்முகவடிவு வீட்டின் மேல் நீலம்

மாட்டுங்காவிலிருந்து சுப்புலக்ஷ்மி டீச்சர் பத்து கெஜம் காடாத்துணியைச் சுருட்டிக்கொண்டு எங்கள் தாராவிச் சந்துக்குள் நுழைந்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. தோல் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். பொத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை.

கோயில் சுவரில் ஆணியடித்துத் துணியை மாட்டினார். ஏதோ பெண்கள் சங்கத்தின் ஏற்பாடாம். எங்கள் சந்துக்குப் பக்கத்தில் ஓடுகிறதே உப்பங்கழி, நாங்கள் காடி என்போம், அதற்கும் எங்களுக்கும் என்ன உறவு என்று ஆளாளுக்கு அந்தத் துணியில் வரைய வேண்டுமாம். பிறகு மாட்டுங்காவில் ஒரு ஹாலில் தொங்கவிடுவார்களாம். பெரிய மனிதர்கள் வந்து பார்ப்பார்களாம்.

"காடிக்கும் எனக்கும் என்ன உறவு? கொழுந்தியா உறவா, சம்பந்தி உறவா?" என்று கேட்டேன். சந்தே சிரித்தது. டீச்சர் என் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். ஆறுமுகத்தாய்.

உறவு இருந்தது. சொல்கிறேன். என் புருஷன் சுயம்பு தோல் பதனிடும் கொட்டகையில் வேலை பார்க்கிறார். சுண்ணாம்பில் ஊறிய ஆட்டுத்தோலிலிருந்து வழித்துப் போடும் ரோமத்தை வாங்கி, அலசி, காயவைத்து, கம்பளிக்காரர்களுக்குக் கொடுப்பது என் பிழைப்பு. ரோமம் காய வெயில் வேண்டும், இடம் வேண்டும். என் வீட்டுக்குப் பின்னால் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் இருந்தது. அதற்கு அப்புறம் கழி. 1965 மாசியில் சண்முகவடிவு வந்தாள். கழியைத் தூர்த்துக் குடிசை போட்டாள். அது பற்றவில்லை என்று தகரத்தை நகர்த்தி நகர்த்தி என் நாலு பாய் இடத்தையும் விழுங்கினாள். கேட்டதற்கு, "உங்க பேரு எழுதியா கெடக்கு மயினி?" என்றாள்.

அந்த மழைக்காலத்தில் இரண்டு மூட்டை ரோமம் காய இடமில்லாமல் புழுத்துப்போயிற்று. நானே தூக்கிப்போய்க் கழியில் கொட்டினேன். அன்றைக்கு அவள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் காலை மடக்கி வழிவிட்டாள். அந்த மரியாதைக்கு நான் அவளை அறைந்திருக்க வேண்டும்.

துணிக்கு வருகிறேன். உறவை வரையுங்கள் என்றால் எங்கள் சனம் எதை வரையும்? அவரவர் வீட்டைத்தான் வரைந்தார்கள். சந்தில் மேட்டு நிலம் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொருவரும் தோல்துண்டும் கரிச்சாம்பலும் கொட்டிக் கழியிலிருந்து பிடுங்கிய இடம்தான். என் வீடும் அப்படித்தான். 57இல் நானும் சுயம்புவும் ஆயிரத்து நானூறு கூடை சுமந்து கொட்டினோம். இதைச் சண்முகவடிவிடமே நூறு தடவை பீற்றியிருக்கிறேன். டீச்சர் கொண்டுவந்த நீல வண்ணத்தை யாரும் தொடவில்லை. கழியை நீலமாகப் பார்த்த கண் எங்கள் சந்தில் இல்லை. தண்ணீருக்குத் தோல் ஊறப்போடும் ஆவாரம்பட்டைச் சாற்றைக் கொண்டுவந்து பூசினார்கள். அதுதான் சரியான நிறமும்கூட.

மூன்றாம் நாள் சண்முகவடிவு வரைந்தாள். துணியில் மிச்சமிருந்த இடத்தில் முக்கால்வாசிக்கு அவள் வீடு. இல்லாத ஜன்னல் இரண்டு, இல்லாத திண்டு ஒன்று. அதன் முதுகில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம்.

"இது என்னதுளா?" என்று கேட்டேன்.

"உங்க வீடுதான் மயினி. காடியிலருந்து பாத்தா பின்னால தள்ளிக் கெடக்குல்லா, சின்னதாத்தான் தெரியும்."

என் வீடு பின்னால்! நேற்று வந்தவள் முன்னால்! நீல பாட்டிலைத் திறந்தேன். உள்ளங்கையில் கொட்டி, அவள் ஜன்னல், திண்டு, கூரை என்று ஒன்று விடாமல் பூசினேன். அவள் என் கொண்டையைப் பிடித்தாள். நான் அவள் கையைக் கடித்தேன். நாலு பேர் சேர்ந்து பிரித்துவிட்டார்கள்.

டீச்சர் வாயைப் பிளந்து நின்றார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், "இதுதான்! இதுல எவ்வளவு உணர்ச்சி இருக்கு பாருங்கோ!" என்றார். "இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்கோ ஆறுமுகத்தாய். கீழே எழுதறேன்."

"அர்த்தம் என்ன அர்த்தம்? அங்கன இருந்தது தண்ணி. போன வருசம் மாசி வரைக்கும் தண்ணி. அவ தூத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நல்லா எழுதும்மா."

தமிழில் எழுதினார். பெரிய மனிதர்கள் படிக்க வேண்டுமே என்று இங்கிலீஷிலும் எழுதினார்.

மாட்டுங்கா ஹாலுக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. பங்குனியில் டீச்சரே வந்து சொன்னார். வார்டு ஆபீசர் ஒருவர் வந்திருந்தாராம். எல்லாவற்றையும் விட அந்த நீலத்தின் முன்னால்தான் வெகுநேரம் நின்றாராம். "உங்க பேரையும் கேட்டு எழுதிண்டார்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? அன்று முழுக்க அந்தப் பெருமையோடுதான் நடந்தேன்.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை லாரி வந்தது. கழியைத் தூர்த்துக் கட்டிய வீட்டை இடிக்க, கடப்பாரையோடு எட்டு ஆட்கள். ஆபீசர் நோட்டைப் பார்த்து ஆறுமுகத்தாய் யார் என்று கேட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனேன்.

சண்முகவடிவு வீட்டைக் காட்டி, "இதர் பெஹ்லே க்யா தா?" என்றார். முன்னால் இங்கே என்ன இருந்தது?

"பானி தா சாப். பூரா பானி" என்றேன். தண்ணீர்தான் ஐயா, முழுக்கத் தண்ணீர். தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

தகரத்தைப் பிடுங்கினார்கள். அவள் புருஷன் வேலைக்குப் போயிருந்தான். பானை, அம்மி, டிரங்குப் பெட்டி என்று ஒவ்வொன்றாக அவளே வெளியே எடுத்து வைத்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவள் அழவேண்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அழவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபீசர் நோட்டை மூடவில்லை. முகவாயால் என் வீட்டைக் காட்டினார். "அவுர் யே? இஸ்கே பெஹ்லே?" இதற்கு முன்னால் இங்கே என்ன?

என் வீட்டுக்கு அடுத்தது செண்பகவல்லி வீடு, அதற்கடுத்து நயினார் வீடு. என்னைப் பிடித்தால் வரிசையே போகும். "கர் தா சாப்" என்று முனகினேன். வீடுதான் இருந்தது என்று.

அவர் சிரித்தார். "உன்னைக் கேட்கவில்லை" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, சண்முகவடிவு பக்கம் திரும்பினார். "தூ போல்." நீ சொல்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும், பானி என்று. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், அவர் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லியிருப்பேன். ஆயிரத்து நானூறு கூடை என்று கணக்கும் கொடுத்திருப்பேன். என் நாலு சுவரும் அவள் நாக்கு நுனியில் நின்றது.

"மாலும் நஹீ சாப்" என்றாள். "மே ஆயி தப் கர் தா." தெரியாது ஐயா. நான் வந்தபோதே வீடு இருந்தது.

ஆபீசர் நோட்டை மூடினார். தகரத்தை ஏற்றிக்கொண்டு லாரி போய்விட்டது.

சந்து கலைந்த பிறகு அவள் பக்கத்தில் போய் நின்றேன். "ஏளா சண்முகவடிவு" என்றேன்.

மயினி என்று அவள் கூப்பிடவில்லை. "ஒனக்காவ ஒண்ணும் சொல்லல. காட்டிக்குடுக்கது ஒந்தொழிலு. எனக்கு அது வராது." அவ்வளவுதான். பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு சுனாபட்டியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.

நாலு பாய் இடமும் எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஐந்தாவது பாயும் விரிக்கிறேன். ரோமம் மொறமொறவென்று காய்கிறது. கம்பளிக்காரன் குறை சொல்வதில்லை. சந்தில் யாரும் என்னோடு பேச்சை நிறுத்தவும் இல்லை. சோறு ஆச்சா, தண்ணீர் வந்ததா என்று எல்லாம் கேட்கிறார்கள். ஆனால் எந்த வருஷம் கழியைத் தூர்த்தோம் என்று என் காது கேட்க யாரும் சொல்வதில்லை. நான் வந்தால் செண்பகவல்லி மண் கூடையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுச் சிரிக்கிறாள்.

சுனாபட்டிக்கு ரோமம் கொண்டுபோகும் நாளில் அவள் இருக்கும் தெருவை விட்டுச் சுற்றித்தான் போகிறேன். மூட்டையோடு அரை மைல் கூடுதல். சுயம்பு கேட்டால் அந்தத் தெருவில் நாய்த்தொல்லை என்பேன். என் இடத்தை அவள் தின்றதை என்றைக்கோ மறந்துவிட்டேன். அந்தக் காலையில் அவள் வாயை மூடிக்கொண்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை. பானி என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? வீடு போயிருக்கும். நானும் அவளும் சரிக்குச் சரியாக நடுத்தெருவில் நின்று, மனசாரச் சண்டை போட்டிருப்போம்.