கயிற்றைச் சுற்றிய கை

ஆற்றில் விழுந்தவர்களை மீட்பதற்கான உரிம அட்டையைத் திருப்பிக் கொடுக்கத் தம்பி கிளம்பிய காலையில், அண்ணனான பெரியவருக்குச் சட்டைப் பொத்தான் போடவே கை வரவில்லை.

ரப்பர் படகில் ஆட்களை ஏற்றி, சுழித்துப் பாயும் ஆற்றில் அழைத்துப் போவது அந்தக் குடும்பத்தின் தொழில். தம்பி ஆற்றில், பெரியவர் கடையில். லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் அணிவகுத்த மாதிரித் தொங்க வேண்டும் அவருக்கு. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை என்றாலும், படகுத்துறையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அந்த வீட்டின்மேல் ஒரு சொல் விழுந்ததில்லை, போன வருடம் வரை.

போன வருடம் அதிகாரிகள் கடையைப் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள், ஆணியில் தொங்கிய தம்பியின் கயிற்றுப் பை பெரியவர் கண்ணை உறுத்தியது. தண்ணீரில் விழுந்தவருக்கு வீசும் கயிறு அதற்குள் இருக்கும். பிடிபிடியாகத் திணித்து வைத்தால்தான் வீசும்போது சிக்காமல் ஓடும். பெரியவருக்கோ அது அலங்கோலமாகப் பட்டது. கயிற்றை உருவி, முழங்கையில் வளையம் வளையமாகச் சுற்றி, அழகாக உள்ளே வைத்தார்.

மறுநாள் அதிகாரி மெச்சிவிட்டுப் போனார். அதற்கடுத்த நாள் ஓர் ஆசிரியை படகிலிருந்து விழுந்தார். தம்பி வீசினான். கயிறு பாதியில் முடிச்சாகி நின்றது. ஆசிரியை பாறையில் மோதி இடுப்பெலும்பு முறிந்தது. இன்றும் கோலூன்றித்தான் நடக்கிறார்.

"பையில கயிறை வெச்சது யாரு?" என்று விசாரணையில் கேட்டார்கள்.

"நான்தான்" என்றான் தம்பி. அவன் அப்படித்தான் நம்பினான். பக்கத்து நாற்காலியில் பெரியவர் இருமினார். அவ்வளவுதான்.

ஒரு வருடம் ஆற்றில் இறங்கத் தடை. அது நேற்றோடு முடிந்தது.

"தடைதான் தீர்ந்துடுச்சே, அட்டையை எதுக்குடா குடுக்கற?"

"கயிறு திணிக்கத் தெரியாதவனுக்கு அட்டை எதுக்குண்ணே?"

உள்ளேயிருந்து தம்பி மனைவியின் குரல் வந்தது. "இவரையும் கடையில ஒரு ஆணியில மாட்டிடுங்க மாமா. வரிசை கலையாம தொங்குவாரு."

பெரியவர்தான் வண்டி ஓட்டினார். அலுவலகத்தில் தம்பி அட்டையை மேசைமேல் வைத்தான். போன வருடம் கடையை மெச்சிய அதே அதிகாரி எடுக்கக் கை நீட்டினார்.

"வாங்காதீங்க சார்" என்றார் பெரியவர். "அந்தக் கயிறை மாத்திச் சுத்தி வெச்சது நான்."

தம்பி திரும்பிப் பார்த்தான்.

"எப்போ?" என்றார் அதிகாரி.

"நீங்க வர்றதுக்கு முந்தின நாள். பார்வைக்கு நல்லா இருக்கட்டுமேன்னு."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஐயா?"

"சொல்லியிருக்கலாம்."

அதிகாரி கேட்டபடி எழுதிக் கொடுத்து, கடையின் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார் பெரியவர். தம்பி அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். வண்டிக்குப் பக்கத்தில்தான் வாய் திறந்தான்.

"ஒரு வருஷமா இந்தக் கையை நான் நம்பல. என் புள்ளையைத் தூக்கக்கூடப் பயந்தேன். நீ பக்கத்து ரூம்லதான் இருந்த."

"வீட்டுப் பேரு கெட்டுடுமேன்னு பார்த்தேன்டா."

"என் பேரு எந்த வீட்டுப் பேருண்ணே?"

பெரியவர் வண்டிக் கதவைத் திறந்து பிடித்தார். தம்பி ஏறவில்லை.

"அந்த டீச்சர் வீட்டுக்கு மாசாமாசம் போய்த் தலையைக் குனிஞ்சுட்டு உட்கார்ந்துட்டு வரேன். அவங்களும் பாவம், டீ குடுத்து அனுப்புவாங்க. இந்த மாசம் நீ போ."

பெரியவர் தலையாட்டினார். அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. அதையும் தம்பியிடமே கேட்க வேண்டியிருந்தது.